பதிமூன்று விதிகளின் ஆசிரியர்

உலகின் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பிறந்தநாள் கிடையாது. சடுகுடுவை முதலில் ஆடியவர் யார், கிளித்தட்டுக்குக் கோடு கிழித்தவர் யார், பல்லாங்குழிக்குக் குழிகளின் எண்ணிக்கையை வகுத்தவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. ஆற்றோட்டத்தில் கூழாங்கல் வடிவம் பெறுவதுபோலத் தலைமுறைகளின் கைபட்டு அவை உருவாகின. கூடைப்பந்து அப்படிப்பட்டதன்று. அதற்குப் பிறந்த ஊர் உண்டு. பிறந்த மாதம் உண்டு. பெற்றெடுத்த தனிமனிதர் ஒருவரும் உண்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், 30 வயது ஆசிரியர் ஒருவர் பதிமூன்று விதிகளை இரண்டு தாள்களில் அடக்கி, உடற்பயிற்சிக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

கல்லூரி வகுப்பறையில் பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். நிறுவனப் பொருளாதாரம் குறித்த பாடம் வரும்போதெல்லாம் நெய்ஸ்மித்தின் வாழ்க்கை எனக்குக் கைகொடுத்தது. 1993-இல் நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த், ஒரு சமூகத்தின் நிறுவனங்களை விளையாட்டின் விதிகளோடும், அதில் இயங்கும் அமைப்புகளை ஆடும் அணிகளோடும் ஒப்பிட்டவர். மாணவர்களுக்கு அந்த ஒப்புமையை விளக்க ஒரு நல்ல விளையாட்டு வேண்டும். விதி ஏன் பிறக்கிறது, எப்போது பழுதாகிறது, யார் அதை மாற்றுகிறார்கள் என்பதையெல்லாம் முதல் நாளிலிருந்து ஆவணங்களோடு பின்தொடர முடிகிற விளையாட்டு கூடைப்பந்து.

1861 நவம்பர் 6 அன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்மான்ட் என்னும் சிற்றூரை அடுத்த பகுதியில் நெய்ஸ்மித் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். 1870-இல் டைபாய்டு காய்ச்சல் தந்தையையும் தாயையும் சில வார இடைவெளியில் கொண்டுபோயிற்று. ஒன்பது வயதை ஒட்டி அனாதையான சிறுவனைப் பாட்டியும், பின்னர் தாய்மாமன் பீட்டர் யங்கும் வளர்த்தனர். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் காட்டில் மரம் வெட்டும் வேலைக்குச் சென்றார் நெய்ஸ்மித். பிறகு மனம் மாறி, தன்னைவிட வயதில் இளையவர்களோடு மீண்டும் பள்ளியில் அமர்ந்து படித்து முடித்தார்.

1883-இல் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1887-இல் பட்டம் பெற்றார். அடுத்து இறையியல் பயின்றார். மத போதகராவார் என்றே உறவினர்கள் எதிர்பார்த்திருந்தனர். ஆனால், ரக்பி, லக்ராஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று மைதானமும் அவரை இழுத்தது. உடலைச் சீராக்குவதும் மனத்தைச் சீராக்குவதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்ற எண்ணம் அவருக்குள் வலுப்பெற்றது. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. 1890-இல் அங்கே சென்று சேர்ந்தார்.

அங்கு உடற்கல்வித் துறைத் தலைவராக இருந்தவர் லூதர் குலிக். அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. இலையுதிர்காலத்தில் கால்பந்தும், வசந்தத்தில் பேஸ்பாலும் ஆடிய மாணவர்களுக்குப் பனிக்காலத்தில் ஆட ஒன்றுமில்லை. கூடத்துக்குள் திரும்பத் திரும்ப உடற்பயிற்சி செய்யச் சொன்னால் முகம் சுளித்தனர். குறிப்பாக, 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு எவருக்கும் அடங்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் முயன்று கைவிட்ட அந்த வகுப்பு நெய்ஸ்மித்தின் கைக்கு வந்தது. கூடத்துக்குள் ஆடத்தக்க ஒரு புதிய ஆட்டத்தைக் கண்டறிய அவருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் 14 நாள்கள்.

முதலில் வெளியரங்க ஆட்டங்களையே சுருக்கிக் கூடத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். கால்பந்து ஆடினால் சன்னல் கண்ணாடி உடைந்தது. ரக்பி ஆடினால் மரத்தரையில் விழுந்து எலும்பு முறியும் நிலை. லக்ராஸ் மட்டைகள் முகத்தைப் பதம்பார்த்தன. அவகாசம் கரைந்துகொண்டிருந்தபோது அவர் வேறு வழியில் சிந்திக்கத் தொடங்கினார். ஆட்டம் முரட்டுத்தனமாவது எதனால்? பந்தை ஏந்தி ஒருவன் ஓடுகிறான். அவனைத் தடுக்க மற்றவன் பாய்ந்து வீழ்த்த வேண்டியிருக்கிறது. அப்படியானால், பந்தோடு ஓடுவதற்கே இடமில்லை என்று வைத்துவிட்டால் வீழ்த்த வேண்டிய தேவையே எழாது. குற்றத்தைத் தண்டிப்பதற்கு முன் குற்றத்தின் காரணத்தை நீக்குவது என்ற இந்தச் சிந்தனைதான் கூடைப்பந்தின் கருவாயிற்று.

அடுத்த கேள்வி இலக்கு பற்றியது. நிமிர்ந்து நிற்கும் இலக்கை நோக்கி எறிந்தால் வேகமும் மூர்க்கமும் கூடும். அப்போது சிறுவயதில் ஆடிய ஓர் ஆட்டம் அவர் நினைவுக்கு வந்தது. பெரும்பாறை மீது ஒரு கல்லை வைத்து, தொலைவில் நின்று கல்லெறிந்து அதை வீழ்த்த வேண்டும். நம் ஊர்ச் சிறுவர்கள் அடுக்கிய கற்களைப் பந்தால் எறிந்து சாய்ப்பதற்குத் தூரத்து உறவு அது. விசையோடு நேராக எறிபவனைவிட, வில்போல் வளைத்து மெல்ல எறிபவனுக்கே அதில் பலன் அதிகம். இலக்கைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்து, தலைக்கு மேலே உயர்த்திவிட்டால், வலிமைக்குப் பதில் நுட்பம் வெல்லும் என்று கண்டுகொண்டார்.

இவ்வாறு அவர் மனத்தில் ஐந்து கொள்கைகள் உருப்பெற்றன. பந்து பெரிதாகவும், கையால் ஆடத்தக்கதாகவும் இருக்க வேண்டும். பந்தை ஏந்தி ஓடக் கூடாது. எந்த ஆட்டக்காரரும் எந்நேரமும் பந்தைப் பெற உரிமையுடையவர். இரு அணியினரும் ஒரே களத்தில் கலந்து நிற்கலாம்; ஆனால், உடல்கள் மோதக் கூடாது. இலக்கு கிடைமட்டமாகவும் உயரத்திலும் இருக்க வேண்டும். நோக்கங்களை முதலில் தெளிவாக்கிக்கொண்டு, அவற்றிலிருந்தே விதிகளை வருவித்தார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இது.

பெட்டிகள் இரண்டு கேட்டார். கட்டடக் காவலர் பீச் பழக்கூடைகள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடத்தைச் சுற்றியிருந்த மேல்மாடக் கைப்பிடியில் அவை ஆணியடித்துப் பொருத்தப்பட்டன. கால்பந்து ஒன்றே அன்றைய பந்து. வகுப்பில் 18 பேர் என்பதால் அணிக்கு ஒன்பது பேர். 1891 டிசம்பர் 21 அன்று நடந்ததாகக் கருதப்படும் அந்த முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை மட்டும் பந்து கூடைக்குள் விழுந்தது. அடங்காத வகுப்பு ஆட்டத்தை விட்டுப் போக மனமில்லாத வகுப்பாயிற்று. மாணவர் ஒருவர் இந்த ஆட்டத்துக்கு ஆசிரியரின் பெயரையே சூட்ட விரும்பினார். நெய்ஸ்மித் அதைச் சிரித்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் இருப்பதால் கூடைப்பந்து என்ற பெயரே நிலைத்தது.

அந்தப் பதிமூன்று விதிகளை இன்று படிப்பவர்களுக்கு வியப்பு காத்திருக்கிறது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது பற்றி அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. ஃப்ரீ த்ரோ இல்லை. ஓர் அணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். இரண்டாம் முறை தவறு செய்தவர் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். வேண்டுமென்றே காயப்படுத்தினால் ஆட்டம் முழுவதும் வெளியே. அவருக்கு மாற்று ஆளும் கிடையாது. இடையில் 5 நிமிட ஓய்வோடு 15 நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகள். ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என இரண்டு நடுவர்கள். அவ்வளவுதான்.

1892 ஜனவரியில் பள்ளியின் இதழில் இந்த விதிகள் அச்சேறின. மார்ச்சில் பார்வையாளர் முன்னிலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் மோதினர். மாணவர்கள் 5-1 என்று வென்றனர். தோற்ற அணியில் விதிகளை எழுதியவரும் இருந்தார். விதியை எழுதியவருக்கு ஆட்டத்தில் தனிச்சலுகை எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அதே ஆண்டில் ஸ்மித் மகளிர் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் எல்லைக்குள் நின்று ஆடும் வகையில் பெண்களுக்கென விதிகளை மாற்றியமைத்தார். பெண்கள் களைத்துவிடுவர் என்ற அக்காலக் கருத்துக்கு அது ஒரு சமரசம். நெய்ஸ்மித்தின் மனைவி மாட் ஷெர்மனே முதன்முதலில் இந்த ஆட்டத்தை ஆடிய பெண்களுள் ஒருவர். கால ஓட்டத்தில் அந்தக் கோடுகள் அழிந்தன. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் முழுக் களத்திலும் ஓடி ஆடிப் பதக்கம் வென்றனர். இந்திய மகளிர் அணியின் தலைவராக விளங்கிய தமிழகத்தின் அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, அழிக்கப்பட்ட அந்தக் கோடுகளை நான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர்கள் உலகெங்கும் ஒய்.எம்.சி.ஏ. பணிக்குச் சென்றபோது ஆட்டமும் அவர்களோடு கப்பலேறியது. அவ்வாறு சென்னைக்கு வந்தவர் ஹாரி குரோ பக். 1920-இல் அவர் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியே இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் இந்திய உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குப் பல்லாண்டுகள் வழிகாட்டியது. அங்கே பயின்றவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகச் சென்றனர். பெரியகுளத்தில் கோடைதோறும் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு மக்கள் திரள்கிறார்கள் என்றால், அதன் வேர் அந்தச் சென்னைப் பள்ளி வழியாக ஸ்பிரிங்ஃபீல்ட் வரை நீள்கிறது.

விதிகள் மாறத் தொடங்கியது எப்படி? ஆடுபவர்களின் அறிவுக்கூர்மையே முதற்காரணம். பந்தோடு ஓடக் கூடாது என்றது விதி. எதிரிகள் சூழ்ந்துகொள்ள, கையில் பந்தோடு சிக்கிய ஒருவன் என்ன செய்வான்? பந்தைத் தரையில் தட்டிவிட்டு, தானே ஓடிப்போய் எடுத்துக்கொண்டான். கையில் பந்து இல்லாத நேரத்தில் ஓடினால் அது விதிமீறல் ஆகாதே. இப்படி விதியின் இடுக்கில் முளைத்ததுதான் ட்ரிப்ளிங். விதிக்குழுக்கள் முதலில் தயங்கின. தட்டிச் சென்றவர் கூடையில் எறியக் கூடாது என்றுகூடச் சில ஆண்டுகள் தடுத்துப் பார்த்தன. 1908-இல் அந்தத் தடை நீங்கியது. நெய்ஸ்மித் இதைத் தம் விதிக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதவில்லை. ஆட்டத்துக்கு அழகு சேர்த்த உத்தியாகவே கண்டார். உடல் மோதல் கூடாது என்ற நோக்கத்துக்கு அது ஊறு செய்யவில்லை அல்லவா?

எல்லைக்கோட்டு விதி இதற்கு எதிர்மாறான கதை. கோட்டைத் தாண்டிய பந்தை முதலில் தொடுபவருக்கே அது சொந்தம் என்று நெய்ஸ்மித் எழுதியிருந்தார். எளிமையான, நியாயமான விதியாகத்தான் தோன்றியது. ஆனால், பந்து மேல்மாடத்துக்குப் பறந்தபோது, படிக்கட்டில் ஒருவரையொருவர் இழுத்துத் தள்ளிக்கொண்டு இரு அணியினரும் ஓடினர். மோதலைத் தவிர்க்கப் பிறந்த ஆட்டத்தில் அந்த விதியே மோதலை வளர்த்தது. 1913-இல், கடைசியாகத் தொட்ட அணியின் எதிரணிக்கே பந்து என்று மாற்றினார்கள். நோக்கம் வென்றது, விதி விலகிக்கொண்டது.

மற்ற மாற்றங்களும் ஒவ்வொன்றாக வந்தன. மேல்மாடத்தில் அமர்ந்த ரசிகர்கள் கை நீட்டித் தம் அணிக்கு உதவியதால் கூடைக்குப் பின்னால் தடுப்பும், பிறகு பலகையும் வந்தன. அடிப்பகுதி மூடிய கூடையிலிருந்து ஒவ்வொரு முறையும் பந்தை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. இரும்பு வளையமும் அடி திறந்த வலையும் அந்தத் தொல்லையைத் தீர்த்தன. அணிக்கு ஐந்து பேர் என்பது 1890-களின் இறுதியில் உறுதியானது. ஃப்ரீ த்ரோ எறிவதற்கென்றே தேர்ந்த ஒருவரை அணிகள் வைத்துக்கொண்டதால், பாதிக்கப்பட்டவரே எறிய வேண்டும் என்ற விதி 1920-களில் பிறந்தது.

இத்தனைக்கும் நடுவே மாறாமல் நிற்பது வளையத்தின் உயரம். 10 அடி. அதை நெய்ஸ்மித் ஆராய்ந்து தீர்மானிக்கவில்லை. அந்தக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது. கூடை அங்கே மாட்டப்பட்டது. எண்ணியெண்ணி எழுதிய விதிகள் மாற, தச்சர் யாரோ அமைத்த கைப்பிடியின் உயரம் 130 ஆண்டுகளைக் கடந்து உலகெங்கும் நிற்கிறது. தற்செயலாகத் தொடங்கிய ஒன்று, எல்லாரும் அதற்குப் பழகிவிட்ட காரணத்தாலேயே நிலைத்துவிடுவதைப் பொருளாதாரத்தில் பாதைச் சார்பு என்கிறோம். எழுத்துகளின் இட அமைப்பு மாறாத தட்டச்சு விசைப்பலகைக்கு அடுத்தபடியாக, இதற்கு நான் வகுப்பில் காட்டிய எடுத்துக்காட்டு இந்தப் பத்தடி உயரம்தான்.

நெய்ஸ்மித் 1895-இல் டென்வர் நகருக்குச் சென்று, ஒய்.எம்.சி.ஏ.யில் பணியாற்றிக்கொண்டே மருத்துவம் பயின்று 1898-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகவும் வழிபாட்டுப் பொறுப்பாளராகவும் சேர்ந்தார். எஞ்சிய வாழ்வின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. அந்தப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் முதல் பயிற்சியாளரும் அவரே. அவர் காலத்தில் அணி 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றது. புகழ்மிக்க அந்த அணியின் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் ஆட்டத்தைப் படைத்தவர் மட்டுமே. அவருக்கு இது வருத்தம் தந்ததாகத் தெரியவில்லை. இந்த ஆட்டம் ஆடி மகிழ்வதற்கே அன்றிப் பயிற்சியாளர்களின் வியூகத்துக்கானதன்று என்பது அவர் எண்ணம். அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் அதை ஏற்காமல், பயிற்றுவித்தலையே ஒரு கலையாக வளர்த்துப் பெரும்புகழ் பெற்றார்.

முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் படைவீரர்களிடையே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பணியாற்றினார். 1925-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஆட்டத்துக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதைக் கொண்டு செல்வம் சேர்க்கவும் இல்லை. அவர் ஒட்டிய அந்த இரண்டு தாள்கள் 2010-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. வாழ்ந்த காலத்தில் ஆசிரியர் ஊதியத்தைத் தவிர அவர் கண்டது அதிகமில்லை.

எழுதப்பட்ட விதிகளோடு எழுதப்படாத விதிகளும் மைதானத்தில் உண்டு. 1930-களில் கான்சாஸில் பயின்ற ஜான் மெக்லெண்டன் கறுப்பின மாணவர். பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. பதிமூன்று விதிகளில் எதுவும் அவரைத் தடுக்கவில்லை, நிறவெறி தடுத்தது. நெய்ஸ்மித்தால் அந்தச் சுவரை உடைக்க முடியவில்லை. ஆனால், அந்த மாணவரை அருகே வைத்துக்கொண்டு, தாம் அறிந்ததையெல்லாம் கற்பித்து, பயிற்சியாளராக வழிகாட்டினார். மெக்லெண்டன் பின்னாளில் அமெரிக்கக் கூடைப்பந்தின் மாபெரும் பயிற்சியாளர்களுள் ஒருவரானார். எந்த ஆட்டக்காரரும் எந்நேரமும் பந்தைப் பெற உரிமையுடையவர் என்ற கொள்கையின் முழுப்பொருள் அது எழுதப்பட்டு நெடுங்காலம் கழித்தே விளங்கியது. யார் ஆடலாம், யார் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற எழுதப்படாத விதிகளை நம் ஊர் மைதானங்களும் அறியும்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க ஆட்டமானது. 74 வயது நெய்ஸ்மித்தை அங்கே அனுப்பிவைக்க அமெரிக்கப் பயிற்சியாளர்கள் நிதி திரட்டினர். முதல் ஆட்டத்துக்குப் பந்தை எறிந்து தொடங்கிவைத்தவர் அவரே. இறுதியாட்டம் திறந்தவெளி மண்தரையில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து சேற்றில் எழும்பவே இல்லை. அமெரிக்கா 19-8 என்று கனடாவை வென்றது. பிறந்த நாடும் வாழ்ந்த நாடும் மோதிய ஆட்டம் அது. அதே மழை ஹாக்கி இறுதியாட்டத்தையும் ஒருநாள் தள்ளிப்போட, ஆகஸ்ட் 15 அன்று தயான்சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தியது நாம் அறிந்த வரலாறு.

அடுத்த ஆண்டு ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்னும் களத்தின் நடுவே ஜம்ப் பால் நடந்தது. உயரமான ஆட்டக்காரர் இருக்கும் அணியே மீண்டும் மீண்டும் பந்தைப் பெற்றது. ஆட்டமும் நின்று நின்று ஓடியது. 1937-இல் அது கைவிடப்பட்டு, புள்ளி இழந்த அணிக்கே பந்து என்றாயிற்று. நெய்ஸ்மித்துக்கு இதில் உடன்பாடு இருக்கவில்லை. தம் கருத்தைச் சொன்னார், பெரும்பான்மை ஏற்கவில்லை, ஆட்டம் தன் வழியில் சென்றது. தாம் பெற்றது என்பதற்காக அதன்மீது உரிமை கொண்டாடவில்லை. 1939 நவம்பர் 28 அன்று கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் காலமானார். கூடைப்பந்தின் தோற்றமும் வளர்ச்சியும் குறித்து அவர் எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது.

அவருக்குப் பின்னும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1950 நவம்பரில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் ஒன்று 19-18 என்ற கணக்கில் முடிந்தது. ஓர் அணி பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கடத்தியது. விதிப்படி அது குற்றமன்று; ரசிகர்களோ வெறுத்துப்போயினர். சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயஸோன் ஒரு கணக்குப் போட்டார். விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. 48 நிமிடங்கள் என்பது 2,880 விநாடிகள். வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 விநாடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் பிறந்தது. நேரம் கடத்துபவரை அது கண்டிக்கவில்லை. நேரம் கடத்துவதால் வந்த ஆதாயத்தை அழித்தது. இன்றைய கபடியில் இரண்டு பாட்டங்கள் வெறுமையாகப் போனால் மூன்றாவது பாட்டத்தில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்ற விதியும் இதே அறிவின் பிள்ளைதான்.

எழுபதுகளில் நான் பள்ளியில் கூடைப்பந்து ஆடியபோது 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகள். எவ்வளவு தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளிகள். இன்று என் பேத்தி ஆடும் ஆட்டத்தில் 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். பன்னாட்டுக் கூட்டமைப்பு 1984-இல் ஏற்ற மூன்று புள்ளிக் கோடு, 2010-இல் 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போயிருக்கிறது. 30 விநாடிகள் என்று இருந்தது 2000-இல் 24 ஆகச் சுருங்கியது. இருந்தும், நானும் அவளும் ஆடியது ஒரே ஆட்டம்தான். பந்தோடு ஓடக் கூடாது, இடித்துத் தள்ளக் கூடாது, கூடை தலைக்கு மேலே என்ற அடித்தளம் அசையவில்லை.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, வேறு விதிகளும் என் நினைவுக்கு வருகின்றன. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தின் பட்டாசுத் தொழில் விதிகளால் சூழப்பட்டது. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம். இந்த விதிகளின் பின்னே மனித உயிர்களின் நினைவு இருக்கிறது. இருந்தும் 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம் என்று துயரங்களின் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஆய்வும், உரிமம் ரத்தும், மேலும் கடுமையான சுற்றறிக்கையும் வருகின்றன. தண்டனை தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், நெய்ஸ்மித் எழுப்பிய முதற்கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பவில்லை. மீறல் எதனால் நிகழ்கிறது?

எண்ணிக்கைக்குக் கூலி, தீபாவளிக்கு முன் குவியும் தேவை, உள்குத்தகைக்கு விடப்படும் அறைகள். கூடுதல் ஆளும் கூடுதல் மருந்தும் ஆதாயம் தரும்வரை, சுவரில் எழுதிய எண் சுவரிலேயே இருக்கும். ஆதாயத்தின் திசையை மாற்றாமல் விதியை மட்டும் இறுக்குவது, 19-18 என்று முடிந்த ஆட்டத்தின் வீரர்களைத் திட்டிவிட்டு, விதியை அப்படியே விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். பணிக்காலத்தை ஆண்டு முழுவதும் பரப்பும் கொள்முதல் முறை, அவசரத்துக்குப் பரிசளிக்காத கூலி முறை, ஆபத்தைச் சுட்டிக்காட்டும் தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்பு ஆகியவற்றை விதியின் பகுதிகளாகவே எண்ண வேண்டும். விதியை எழுதும் மேசையில், அந்த அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். படிக்கட்டில் முட்டி மோதியவர்களைப் பார்த்த பின்புதானே எல்லைக்கோட்டு விதி திருந்தியது?

விளையாட்டில் ஒரு விதி பிழையானால் ஓர் ஆட்டம் கெடும். மருந்து அறையில் பிழையானால் ஒரு குடும்பம் அழியும். ஆகவே, இங்கே திருத்தத்துக்கான வேகமும் பணிவும் இன்னும் கூடுதலாக வேண்டும். நோக்கத்தை உறுதியாகப் பற்றிக்கொண்டு, விதியை எப்போதும் திருத்தத் தயாராக இருப்பதே நல்ல விதி எழுதுபவரின் இலக்கணம். பதிமூன்று விதிகளை எழுதி, அவற்றுள் பெரும்பாலானவை தம் கண்முன்னே மாறுவதைக் கண்டும், தம் ஆட்டம் பிழைத்திருப்பதில் நிறைவு கண்ட ஓர் ஆசிரியரின் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது இதுதான்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).